அடி வாங்கிப் பயந்த புள்ளைய திரும்ப கணக்குக்கு கொண்டு வாறது எப்பிடி

என்ட தங்கச்சிட மகன் ஐஞ்சாம் ஆண்டு. புலமைப்பரிசில் எண்டு கல்லடிப் பக்கம் ஒரு ரியூசனுக்கு விட்டாங்க, அங்க வகுத்தல் பிழைச்சா அடிமட்டத்தால விரல் மொழியில அடி. மூணு மாசம்தான், புள்ள கொப்பிய திறந்தாலே கை வேர்க்கும், விடை எழுத முதலே அழிறப்பரால அழிச்சு அழிச்சு தாள் கிழிஞ்சிரும், கண் கணக்கில இல்ல, பக்கத்தில இரிக்கிற என்ட கையிலதான். பள்ளிக்கூடத்தில அடிக்கக் கூடாதெண்டு இலங்கைக் கல்வி அமைச்சு 2005லேயே சுற்றறிக்கை விட்டது, ஆனா அடி இன்னும் நிக்கல்ல. உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு புள்ள இரிந்தா நான் செய்து பாத்தத சொல்றன்.

முதல்ல, பயம் எதில ஒட்டியிரிக்கெண்டு பாருங்க. மூளைக்க அமிக்டலா எண்டு வாதுமைப் பருப்பு மாதிரி ஒரு பகுதி இரிக்கு. அதுக்கு வகுத்தல் தெரியா. வலி வந்த நேரம் பக்கத்தில என்ன இரிந்ததோ அதையெல்லாம் வலியோட சேத்துக் கட்டி வச்சிரும். 1920ல வாட்சனும் ரெய்னரும் அமெரிக்காவில ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலிய காட்டிக் காட்டி பின்னால இரும்புக் கம்பியில சுத்தியலால அடிச்சாங்க, மறுகா அந்தப் புள்ள எலிக்கு மட்டுமில்ல முயலுக்கும் பயந்தது. கொடுமையான வேல, இண்டைக்கு அப்பிடி செய்ய ஒத்தரும் விடமாட்டாங்க. எங்கட மகனுக்கு ஒட்டியிருந்தது அடிமட்டம் மேசையில படுற சத்தம், அதால வீட்டில அடிமட்டத்த எடுத்து ஒளிச்சிட்டன்.

பயத்தில இரிக்கிற நேரம் புதுசா படிப்பிக்காதீங்க. வகுக்கக்குள்ள மீதிய மனசில பிடிச்சு வச்சிரிக்கிறது நெத்திக்கு பின்னால உள்ள மூளை, நெருக்கடி கூடினா முதல்ல தடுமாறுறதும் அதுதான். தெரிஞ்ச வாய்ப்பாட்டையும் புள்ள மறக்கிறது அதாலதான், அவன் சோம்பேறி இல்ல.

அடுத்ததுதான் முக்கியமான வேல. மூணாம் ஆண்டு கணக்கு மாதிரி லேசா ஐஞ்சு குடுங்க, பத்து நிமிசம் போதும். பிழை விடட்டும். பிழை விட்டு அடிய எதிர்பார்த்து தோள் சுருங்கிற அந்த நேரத்தில அடி வராம இரிக்கிறதுதான் மருந்து, மூளை எதிர்பார்த்ததும் நடந்ததும் ஒண்டுக்கொண்டு மாறக்குள்ளதான் அது புதுசா படிக்குது. அழுதா கொப்பிய மூடி எழும்ப விட்டிராதீங்க, ஓடினா நிம்மதி எண்டு அதையும் மூளை படிச்சிரும். இன்னும் லேசான ஒரு கணக்க குடுத்து அது சரி வந்த பிறகு எழும்ப விடுங்க. சரி வந்தா வாய் திறந்து சொல்லணும். 2007ல மற்சுமோட்டோவும் ஹிகோசாக்காவும் குரங்கில பாத்தாங்க, சாறு கிடைக்கும் எண்டு இரிந்து கிடைக்காட்டி மூளைக்க ஹபெனுலா எண்ட சின்னப் பகுதி வேகமா துடிச்சு, பரிசு கிடைச்சா துடிக்கிற டோபமின் நரம்புகள அமத்துது. பாராட்டுவாங்க எண்டு பாத்துக்கொண்டிருக்கிற புள்ளைக்கு நாம சும்மா ‘ம்’ எண்டு போறதும் அப்பிடி ஒரு தண்டனதான் எண்டு நான் நினைக்கிறன்.

ஒரே இடத்தில செய்யாதீங்க. பழைய பயம் அழியிறல்ல, அதுக்கு மேல ‘இப்ப ஒண்ணும் நடக்காது’ எண்டு இன்னொரு ஞாபகம் எழுதப்படுது, அது எந்த இடத்தில எழுதினதோ அந்த இடத்தோடதான் கூட ஒட்டும், இடத்த கவனிக்கிறது மூளைக்க ஹிப்போகாம்பஸ் எண்ட பகுதி. நாங்க விறாந்தையில ரெண்டு நாள், அம்மம்மா வீட்டில ஒரு நாள், வாவிக் கரையில பாய விரிச்சு ஒரு நாள், மறுகாதான் மேசையில இரிந்தம்.

குழப்படி செய்த புள்ளய திருத்தணுமெண்டா செய்த வேலைக்கு உடனே, சின்னதா, எல்லா நாளும் ஒரே மாதிரி ஒரு தண்டன போதும், அண்டைக்கு போன் இல்ல எண்ட மாதிரி. நாலு மணித்தியாலம் கழிச்சு அப்பா வந்து அடிச்சா அப்பாட மோட்டச்சைக்கிள் சத்தத்துக்குத்தான் பயம் வரும். நித்திரை, சாப்பாடு குழம்பினா, படுக்கையில மூத்திரம் போகத் தொடங்கினா வீட்டு வைத்தியத்தோட நிக்காதீங்க, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இரிக்கு, கூட்டிப் போங்க.

தவணை லீவு முடிஞ்சு வரக்குள்ள பயம் திரும்ப எட்டிப் பாக்கும், எங்களுக்கும் வந்தது, கொப்பிய கண்டதும் பழையபடி அழிறப்பர தேடினான். ஏசாம ரெண்டு நாள் பழைய லேசான கணக்குக்கே போனம், மூணாம் நாள் அவனே வகுத்தல எடுத்தான்.