பெர்லினில் முதல் மாரத்தான்: நண்பருடன் ஓடச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்லின் மாரத்தானின் பாதை ஏறக்குறைய முழுவதும் சமதளம். அது நடைபெறும் செப்டம்பர் பிற்பகுதியில் காலை நேரம் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். 2022இல் ஆண்கள் பிரிவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 விநாடியிலும், 2023இல் பெண்கள் பிரிவில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியிலும் ஓடி அன்றைய உலக சாதனை படைத்தது இந்தப் பாதையில்தான். இதைக் கேட்டு, முதல் மாரத்தானையே அங்கு ஓடுவோம் என்று நண்பருடன் முடிவெடுப்பதில் தவறில்லை. ஆனால் சென்னை வெயிலில் பழகிய கணக்கை அப்படியே பெர்லினுக்கு எடுத்துச் செல்வதும், ஒருவருக்குப் பொருந்தும் கணக்கை மற்றவருக்கும் பொருத்திப் பார்ப்பதும் பலரைத் தடுமாற வைக்கின்றன.

பதிவிலேயே முதல் பிழை நேர்ந்துவிடலாம். இடங்கள் பெரும்பாலும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுவதால், தனித்தனியே விண்ணப்பிக்கும் நண்பர்களில் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைப்பதுண்டு. குழுவாக விண்ணப்பிக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

பயிற்சிக் காலம் நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை அமைகிறது. சென்னையின் அந்த மாதங்களின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இதயம் வேகமாகத் துடிக்கும், ஓட்டம் மெதுவாகும். அதைக் கண்டு மனம் தளர்ந்து, ஒவ்வொரு பயிற்சியையும் முழு மூச்சாக ஓடிக் காலைப் புண்ணாக்கிக்கொள்வது ஒரு தவறு. இதற்கு நேர்மாறான தவறு போட்டி நாளில் நிகழ்கிறது. குளிரில் உடல் லேசாக இருப்பதுபோல் தோன்ற, முதல் பத்து கிலோமீட்டரைத் திட்டமிட்டதைவிட வேகமாக ஓடிவிட்டு, தசைகளில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்துபோகும் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு நடக்க வேண்டியதாகிறது.

உணவு நேரத்தைப் பற்றி யோசிப்பவர்கள் இன்னும் குறைவு. விடியுமுன் வெறும் வயிற்றிலோ ஒரு வாழைப்பழத்தோடோ ஓடிப் பழகியவர்கள், பெர்லினில் குழு குழுவாக அனுப்பப்படும் கடைசி அலைகளில் புறப்படும்போது அங்கே காலை பத்து மணி கடந்திருக்கும். மூன்றரை மணி நேர வித்தியாசத்தால் நம் வயிற்றுக்கு அது பிற்பகல். எனவே, புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன் எதை, எவ்வளவு உண்பது என்பதை வார இறுதியின் நீண்ட ஓட்டங்களில் பலமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே இட்லி கிடைக்கும் என்று நம்பாமல், ரொட்டியோடும் பழத்தோடும் பழகுவதே நல்லது. ஓடும்போது சக்திக்காக உண்ணும் இனிப்புக் கூழான ஜெல்லையும் இந்த ஓட்டங்களிலேயே சோதித்துவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் சட்டை நனைய ஓடியவர், குளிர்ந்த நகரத்திலும் ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் அதே அளவு குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகமாக இருந்தது. முதல் முறை ஓடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர்தாம். தாகத்தைக் கேட்டுக் குடித்தால் போதும். வலி மாத்திரையை முன்கூட்டியே விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடாகலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இருவரும் கடைசிவரை சேர்ந்தே ஓடுவோம் என்ற வாக்குறுதி நட்புக்கு அழகாக இருக்கலாம், கால்களுக்கு அப்படியில்லை. வேகமானவர் தன்னை அடக்கிக்கொண்டு எரிச்சலடைகிறார், மெதுவானவர் குற்ற உணர்வில் தன் எல்லையை மீறுகிறார். எந்தக் கிலோமீட்டர்வரை சேர்ந்து செல்வது, அதற்குப் பிறகு ஒருவர் பின்தங்கினால் என்ன செய்வது என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிட வேண்டும், மருத்துவச் சிக்கல் வந்தால் மட்டும் அந்த ஒப்பந்தம் செல்லாது. 50,000க்கும் மேற்பட்டோர் ஓடும் கூட்டத்தில் கைப்பேசியை மட்டும் நம்பாமல், முடிந்தபின் சந்திக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கைக்கடிகாரம் காட்டும் தூரத்தை அப்படியே நம்புவதும் தவறே. 42.195 கிலோமீட்டர் என்பது வளைவுகளின் உட்புறத்தை ஒட்டிய மிகக் குறுகிய வழியில் அளந்தது; பெர்லினில் அதை நீலக்கோடாகச் சாலையில் தீட்டியிருப்பார்கள். கூட்டத்தில் அந்தக் கோட்டிலேயே ஓட முடியாது என்பதால், கடிகாரம் 42.5ஐத் தாண்டியும் எல்லைக்கோடு வராமல் இருக்கலாம். பிராண்டன்பர்க் வாயிலைக் கண்டதும் முடிந்துவிட்டதாக எண்ணி வேகமெடுப்பவர்களும் உண்டு. கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த ஜெர்மனி ஒன்றிணைவதற்கு மூன்று நாள் முன்பு, 1990 செப்டம்பர் 30 அன்று ஓட்டக்காரர்கள் கண்ணீரோடு கடந்த வாயில் அது என்பதால் ஆவேசம் வருவது இயல்புதான். ஆனால் எல்லைக்கோடு அதற்கப்பால் சில நூறு மீட்டர் தள்ளியே இருக்கிறது.

காலணியைப் பெட்டியில் போட்டு விமானச் சரக்கில் அனுப்பாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நகரைச் சுற்றிப் பார்ப்பதைப் போட்டிக்குப் பிந்தைய நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடலில் நீர் வற்றியிருக்கும் நிலையில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்து பயணிப்பது காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைய வழிவகுக்கலாம் என்பதால், அன்று மாலையே புறப்படும் விமானத்துக்குச் சீட்டு எடுக்காமல், இரண்டு நாளாவது இடைவெளி விட்டு இருவருக்கும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.