டர்ட்டி பைப்: அப்டேட் போட்டாயிற்று, ஆனால் ஓடுவது எந்தக் கேர்னல்?

2022 மார்ச். கொழும்பில் நாள் தவறாமல் கரண்ட் நின்ற காலம். வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியின் இரண்டு உபுண்டு 20.04 லினக்ஸ் கணினிகளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் 'டர்ட்டி பைப்' என்ற பாதுகாப்பு ஓட்டை (ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2022-0847) வெளியானதும் இரண்டுக்கும் ஒரே மாலையில் அப்டேட் போட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேசைக் கணினி தப்பியிருந்தது, லெப்டொப் தப்பவில்லை.

ஓட்டை இதுதான். ஒரு கோப்பை வாசித்தால் லினக்ஸ் அதன் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தைப் பைப்புக்குள் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்தும் வழி) அனுப்பும்போது நகல் எடுக்காமல் அதையே சுட்டிக்காட்டும். பைப்பில் முன்பு கிடந்த 'இதோடு சேர்த்து எழுதலாம்' என்ற பழைய குறியை அழிக்க கேர்னல் மறந்துவிட்டது. விளைவு, வாசிக்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட பாஸ்வேர்ட் கோப்பின் நினைவகப் பிரதியில் எழுதிவிடலாம். அங்கிருந்து ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆவது சுலபம். நிரலாளர் மேக்ஸ் கெல்லர்மன் இதைப் பிடித்தது, சுருக்கி வைத்த லொக் கோப்புகள் காரணமில்லாமல் பழுதானதைத் துரத்திப் போய்த்தான்.

முதல் படி: டெர்மினலில் 'யூநேம் -ஆர்'. ஓடும் கேர்னலின் பதிப்பு எண்ணை அது காட்டும். 5.8க்கு முந்தியது என்றால் இந்த ஓட்டை பற்றிய கவலை இல்லை. திருத்தம் வந்த மூலப் பதிப்புகள் 5.16.11, 5.15.25, 5.10.102. எங்களுடையதோ 5.13.0-30. பட்டியலில் 5.13 இல்லையே என்று நானும் குழம்பினேன். உபுண்டு பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை உள்ளே சேர்க்கும். கடைசியில் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 5.13இல் திருத்தம் சேர்ந்தது 35இல், எங்களுடையதோ 30. உங்கள் பதிப்புக்கு எது என்பதை உபுண்டுவின் பாதுகாப்புப் பக்கத்தில் சிவிஇ எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாம் படி: 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. படம் காட்டும் அப்டேட்டர் எனக்குப் பிடிக்காது. பிழை வந்தால் பாதியை மறைத்துவிடும்.

மூன்றாம் படி, நான் விழுந்த இடம்: ரீஸ்டார்ட். புதிய கேர்னல் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்தாலும், ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். மேசைக் கணினியின் யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனது. கரண்ட் நின்றால் ஐந்து நிமிடத்தில் அணையும், வந்ததும் புதிய கேர்னலோடு எழும்பும். லெப்டொப்புக்கு நல்ல பேட்டரி. மூடியை மூடுவார்கள், தூங்கும், திறப்பார்கள், விழிக்கும். பத்து நாளில் ஒருமுறைகூட அது ரீஸ்டார்ட் ஆகவில்லை. அன்று காலையிலும் 'யூநேம் -ஆர்' 5.13.0-30 என்றே சொன்னது. ஆகவே ரீஸ்டார்ட் செய்த பிறகு முதல் படியை இன்னொரு தடவை செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: 'பூட் பகுதியில் இடமில்லை' என்று அப்டேட் பாதியில் நிற்கிறது என ஒருவர் எழுதியிருந்தார். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்குப் பூட் தனிப் பகுதியாக இருக்கும், பழைய கேர்னல்கள் அதை நிரப்பிவிடும். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலை அது தொடாது. பூட் பகுதிக்குள் போய்க் கையால் கோப்புகளை அழிக்க வேண்டாம். நான் ஒருமுறை அழித்துவிட்டு, யூஎஸ்பியில் பூட் செய்து சரிப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.