இரண்டு நாளில் பழைய சென்னை: வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெளியூரிலிருந்து உறவினரோ நண்பரோ இரண்டு நாள் பயணமாகச் சென்னைக்கு வருவதாகச் சொன்னால், கையோடு ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள். காலையில் புனித ஜார்ஜ் கோட்டை, அங்கிருந்து எழும்பூர் மியூசியம், மதியம் கபாலி கோயில், சாந்தோம் தேவாலயம், மாலையில் மெரினா. மறுநாள் மாமல்லபுரம், முடிந்தால் காஞ்சிபுரம், ரயிலுக்கு முன்னால் தியாகராய நகரில் துணிக்கடை. இவை எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்த வரிசையில் கிளம்பினால் கோட்டையில் பாதி, கபாலி கோயிலில் சாத்திய கதவு, மிச்ச நேரமெல்லாம் சிக்னலில் என்றுதான் பொழுது போகும். கடைசியில், "சென்னையில் பழசாக என்னதான் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். இந்த ஊரை நேசிக்கிற எனக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் அப்படிக் கேட்க வேண்டியே இருக்காது.

முதல் தவறு, சென்னையில் ஒரு நடுவத்தைத் தேடுவது. மதுரையில் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஊர் விரிந்துகொண்டே போகும். சென்னை அப்படி வளர்ந்த ஊர் இல்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சாந்தோம், கோட்டையை ஒட்டிய ஜார்ஜ் டவுன், பரங்கிமலை எல்லாம் தனித்தனி ஊர்களாக இருந்தவை. கோட்டை எழுந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் திருவல்லிக்கேணி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சாந்தோம் ஆங்கிலேயர் வசமானது 1749இல். ஒவ்வொன்றுக்கும் அதனதன் குளம், கடைத்தெரு, தேர் ஓடும் வீதி அல்லது தேவாலயத் தெரு உண்டு. ஆகவே அரை நாளுக்கு ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்துக்குள் நடந்தே சுற்றுங்கள். இரண்டு நாளில் நான்கு வட்டாரம் தாராளமாகக் கிடைக்கும். எட்டுக்கு ஆசைப்பட்டால் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது.

இரண்டாவது தவறு, 1639இல்தான் இந்த ஊர் பிறந்தது என்று நம்பிக்கொண்டு வருவது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 ஆங்கிலேயருக்கு நிலம் கொடுக்கப்பட்ட நாள்; சென்னை தினம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாடலாம். ஆனால் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் அந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். மயிலையைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், 1863இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல் ஆயுதம் இந்தியாவின் பழைய கற்காலத்தையே ஆய்வுலகத்துக்குக் காட்டியது. கோட்டையிலிருந்துதான் தொடக்கம் என்று நினைத்தவர் கண்ணில் செங்கல் மாளிகைகள் மட்டுமே படும்.

அடுத்தது நேரம். பெரும்பாலான பயணங்கள் கெடுவது இதில்தான். கபாலீஸ்வரர் கோயில், பார்த்தசாரதி கோயில், ஜார்ஜ் டவுனில் உள்ள காளிகாம்பாள் கோயில், கந்தகோட்டம் என எல்லாமே உச்சிவேளைக்குப் பிறகு நடை சாத்திவிடும். மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். உள்ளூர்க்காரருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பகல் ஒரு மணிக்கு வெறுங்காலோடு கொதிக்கும் கல்லில் நிற்பதை மயிலாப்பூரில் அடிக்கடி பார்க்கலாம். கிழமையும் கவனிக்க வேண்டியது. கோட்டை மியூசியத்துக்கும் எழும்பூர் மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி காலை வந்து இறங்கி, நேராக மியூசியம் போய்ப் பூட்டைப் பார்த்தவர்கள் ஏராளம். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் பெரும்பாலான மொத்த வியாபாரக் கடைகள் திறக்காது. கட்டடங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்க அதுதான் நல்ல நாள். வியாபாரத்தின் பரபரப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் போங்கள். காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை கோயிலும் தெருவும், வெயில் ஏறியதும் மியூசியம், நான்கரைக்கு மேல் மறுபடியும் தெரு என்று நாளைப் பிரித்துக்கொண்டால் எதிலும் முட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

கோட்டைக்கு வருவோம். உள்ளே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் பொதுமக்களை விடமாட்டார்கள் என்று நினைத்து, வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சோதனைக்குப் பிறகு மியூசியத்துக்கும் தேவாலயத்துக்கும் போகலாம். பெரிய பையோடு மட்டும் போகாதீர்கள். மியூசியத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி பாதுகாக்கப்படுகிறது. அந்த அறையில் கொஞ்ச நேரமாவது நில்லுங்கள். பெரும்பாலோர் அதைப் பார்த்ததோடு கிளம்பிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காது. ஏனென்றால் பக்கத்திலேயே புனித மரியன்னை தேவாலயம் இருக்கிறது. 1680இல் திறக்கப்பட்டது. ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்தது இங்கேதான், 1753இல். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று சுவர்களையும் வளைவுக் கூரையையும் அவ்வளவு தடிமனாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போவதற்கு முன் தரையைப் பாருங்கள். முற்றம் நெடுகப் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். ஆனால் அவற்றின் கீழே யாரும் புதைக்கப்பட்டிருக்கவில்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படையினர் அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துக்கொண்டு சுட்டார்கள். முற்றுகை நீங்கிய பிறகு இடுகாட்டை அகற்றி, கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். லத்தீன், போர்த்துக்கீசு, ஆர்மீனியம் என்று எத்தனையோ எழுத்துகள், ஓரத்தில் மண்டையோட்டுச் செதுக்கல்கள், கால் பட்டுப் பட்டு மழுங்கிய பெயர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் நன்றாகத் தெரியும்; உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். ஒரு துறைமுக ஊரில் யார் யார் வந்து வாழ்ந்து மடிந்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் சென்னையில் வேறு இல்லை.

கோட்டையைப் பார்த்ததும் கார் ஏறி வேறெங்கோ ஓடுவதும் தவறுதான். அங்கிருந்து வடக்கே ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரம். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன்: கலங்கரை விளக்கங்களைத் தேடச் சொல்லுங்கள். சென்னைக்கு இதுவரை நான்கு. முதலாவது, இப்போது கோட்டை மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் 1796இல் ஏற்றப்பட்டது. இரண்டாவது, 1844இல் எரியத் தொடங்கிய உயரமான கல் தூண். உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மூன்றாவது, 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரம். 1894 முதல் விளக்கு அங்கே இருந்தது. நான்காவதுதான் 1977இல் மெரினாவில் வந்தது. முதல் மூன்றும் ஒரு சிறு நடைக்குள் அடங்கிவிடும். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் கல்லும் இருக்கிறது. அதைத் தாண்டி அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் எழுந்த ஆர்மீனிய தேவாலயம், தம்புச் செட்டித் தெருவில் பாரதியார் வழிபட்ட காளிகாம்பாள் கோயில். இவ்வளவுக்கும் ஒரு காலைப் பொழுது போதும். நீதிமன்ற வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. தெருவிலிருந்து பார்த்தாலே போதுமானது.

மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்து, தரிசனம் முடித்து, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். கபாலி கோயிலின் உயர்ந்த ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது; சுவாமியோ மேற்கு நோக்கி, குளத்தைப் பார்த்தபடி இருக்கிறார். கிழக்கு வாசலில் நுழைகிறவர் கருவறைக்குப் பின்னாலிருந்துதான் வருகிறார். ஆகவே குளத்தின் பக்கம் போய், அங்கிருந்து உள்ளே பாருங்கள். கோயிலும் குளமும் சேர்ந்த அமைப்பு அப்போதுதான் பிடிபடும். பிராகாரத்தில் புன்னை மரத்தடியில் அம்மன் மயிலாக வழிபடும் சந்நிதியைத் தவறவிடாதீர்கள். மாட வீதிகளை ஒரு சுற்று சுற்றினால் பித்தளைப் பாத்திரமும் கொலுப் பொம்மையும் கீரைக்கட்டும் விற்கிற ஊர் தெரியும்.

எனக்குத் திருவல்லிக்கேணி இன்னும் ஒரு படி மேல். பார்த்தசாரதி கோயிலின் ஒரு பக்கம் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு குடும்ப சமேதராகக் கிழக்கு நோக்கி நிற்கிறார். மறுபக்கம் நரசிம்மர் தனிக் கொடிமரத்தோடு மேற்கு நோக்கி இருக்கிறார். உற்சவர் முகத்தில் உள்ள வடுக்களைப் பாரதப் போரில் பட்ட அம்புத் தழும்புகள் என்பார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பாரதியார் கடைசி நாள்களில் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல், பிறகு ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், அப்புறம் கடல். நடுவில் டிபனுக்கு ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. ஆழ்வார், நவாப், கம்பெனி, பாரதி என நால்வர் காலத்தையும் இரண்டு மணி நேர நடையில் இப்படிப் பார்க்க வேறு எங்கே முடியும்?

மெரினாவைப் பற்றி ஒன்றுதான். இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊர்ப் பக்கம். சூரியாஸ்தமனம் பார்க்க வந்து ஏமாறுகிறவர்கள் விடியற்காலையில் வந்திருந்தால் கூட்டமில்லாத கடற்கரையும் கிடைத்திருக்கும். கடலில் இறங்கிக் குளிக்க மட்டும் வேண்டாம். அங்கே நீரின் இழுப்பு உயிரைக் கொண்டுபோய்விடும்.

எழும்பூர் மியூசியத்தில் எல்லாக் கட்டடங்களையும் ஒரே மூச்சில் பார்க்க முயல்வது வீண். 1851இல் தொடங்கிய அந்த மியூசியத்தில் திமிங்கில எலும்பிலிருந்து நாணயம் வரை இருக்கிறது. முதலில் செப்புத் திருமேனிகளின் கூடத்துக்குப் போய்விடுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நின்று இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்: இடுப்பின் வளைவும், தோளின் அகலமும், கையின் பாவமும் பக்கத்துக்குப் பக்கம் வேறு, ஆனாலும் உடம்பு ஒன்று. பிறகு திருவாலங்காட்டு நடராஜர். அமராவதிச் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவை இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

மாமல்லபுரத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கோபம் வரும், தெரியும். ஆனால் போக வரவே அரை நாள். அர்ச்சுனன் தபசு ஒன்றின் முன்னால் நிற்கவே ஒரு மணி நேரம் வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு நாள் எடுத்து, விடியற்காலையில் போய்ச் சேர வேண்டிய ஊர் அது. காஞ்சிபுரத்தையும் அதோடு ஒரே நாளில் சேர்ப்பது இரண்டு ஊருக்கும் செய்கிற அநியாயம். காஞ்சிக் கோயில்களும் மதியம் சாத்தியிருக்கும்.

ஊருக்குள் போய்வரக் காரையே நம்பாதீர்கள். மெட்ரோ வேலைகளால் மயிலாப்பூர் லஸ் பக்கம் வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் பரங்கிமலை, எழும்பூர், பூங்கா, கோட்டை எல்லாம் ஒரே தடம். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை நிலையங்கள் கோயில்களுக்கு நடக்கிற தூரம். ஜார்ஜ் டவுனுக்கு மெட்ரோவில் உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி. தெற்கிலிருந்து அரசு விரைவுப் பஸ்ஸில் வருகிறவர்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள் என்பதை மறந்து, கோயம்பேட்டுக் கணக்கில் நேரம் போடுகிறார்கள். அங்கிருந்து கோட்டை வரை வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, மார்கழியும் தையும் உத்தமம். மார்கழியில் சபா கச்சேரிகளும் கேன்டீன் சாப்பாடும் கூடுதல் லாபம். பங்குனியில் அறுபத்து மூவர் விழா அன்று மயிலாப்பூர் போனால் விழாவுக்காக மட்டும் போங்கள். அன்று வேறு எதையும் பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. கத்திரி வெயிலில் வந்தால் நடையைக் காலை ஒன்பதோடு நிறுத்திவிடுங்கள்.

திரும்பும் நாளைத் துணிக்கடைக்குத் தாரை வார்க்க வேண்டாம். முதலில் டிக்கெட்டை எடுத்து, ரயில் சென்ட்ரலிலிருந்தா, எழும்பூரிலிருந்தா, தாம்பரத்திலிருந்தா என்று பாருங்கள்; கடைசி நிமிடத்தில் நிலையம் மாறி ஓடுகிறவர்கள் தினமும் உண்டு. நிலையத்தின் பொருள் காப்பறையில் பெட்டியை வைத்துவிடலாம். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். சென்ட்ரல் என்றால் பக்கத்திலேயே 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை இருக்கிறது. எழும்பூர் என்றால் நிலையத்துக்குப் பின்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1821இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அதன் கீழே, இளகிய மண்ணில் கட்டடம் அமிழாமல் இருக்கக் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அடித்தளம் போட்டிருக்கிறார்கள். உள்ளே வட்டமான கூடம், மேலே குவிமாடம். ரயிலுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நிம்மதியாகப் பார்த்துவிட்டு வரலாம்.