குரந்தேராவின் கதையைக் கூடி வாசிக்க: புதிதாகக் குழு தொடங்குவோருக்கு

நான் அரிசோனாவின் டூசான் நகரத்தில் இருக்கிறேன். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் நொகாலெஸ். வேலிக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சொனோரா மாநிலம். அக்கம்பக்கத்தார் ஒன்பது பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். லூயிஸ் அல்பெர்ட்டோ உர்ரேயா 2005-இல் வெளியிட்ட ‘தி ஹம்மிங்பேர்ட்ஸ் டாட்டர்’ நாவலை இரண்டு தடவை எடுத்தோம். மெக்சிகோவில் நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு பெண்ணின், அதாவது ஒரு குரந்தேராவின் கதை அது. முதல் தடவை வீணாய்ப் போனது. “அவள் கை பட்டு நோய் தீர்ந்ததை நம்புகிறீர்களா?” என்று நான் ஆரம்பித்துவைத்ததுதான் காரணம். நம்புகிறவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறுபக்கம் என்று இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. புத்தகத்தை ஒருவரும் பிரிக்கவே இல்லை.

இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்தோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்

இந்த நாவலின் நாயகி உண்மையில் வாழ்ந்தவள். தெரேசா உர்ரேயா, செல்லமாகத் தெரெசீத்தா. குழுவில் பலருக்கு மெக்சிகோ வரலாறு தெரியாது என்பதால் பத்துப் பதினைந்து வரியில் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்:

பிறந்தது 1873, சினலோவா மாநிலம். அப்பா தோமாஸ் உர்ரேயா பண்ணையார். அம்மா கயெத்தானா, அந்தப் பண்ணையில் வேலை செய்த பழங்குடிச் சிறுமி. 1880-இல் தோமாஸ் அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் ஆட்களைப் பகைத்துக்கொண்டு, குடும்பம், கால்நடை, வேலையாட்கள் எல்லோருடனும் சொனோராவின் கபோரா பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு முதிய மருத்துவச்சியிடம் பெண் மூலிகை கற்றாள். 1889-இல் நினைவிழந்து விழுந்தாள். இறந்துவிட்டாள் என்று சவப்பெட்டிவரை தயார் செய்துவிட்ட நேரத்தில் கண் விழித்தாள். அதன்பிறகு நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கபோராவுக்கு வரத் தொடங்கினார்கள். மக்கள் அவளை ‘கபோராவின் புனிதை’ என்றார்கள். திருச்சபை அவளுக்கு அந்தப் பட்டத்தைத் தந்ததே இல்லை.

இதோடு நிறுத்துங்கள். 1892-க்குப் பின் நடந்ததைக் கடைசிக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்

ஐந்து நிமிட வேலைதான், ஆனால் விட்டுவிடாதீர்கள். வாயில் நுழையாத பெயரை ஆட்கள் பேச்சிலேயே தவிர்த்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பாத்திரமே விவாதத்திலிருந்து காணாமல் போய்விடும்.

ஸ்பானிய மொழியில் ‘ஹெச்’ எழுத்துக்கு ஒலி இல்லை. ஆகவே மருத்துவச்சியின் பெயர் ‘வீலா’, ‘ஹுய்லா’ அல்ல. நாட்டு வைத்தியம் பார்க்கும் பெண் குரந்தேரா, ஆண் குரந்தேரோ. குணப்படுத்துதல் என்ற வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிரசவம் பார்ப்பவள் பர்த்தேரா, மூலிகைக்காரி யெர்பேரா. வீலா இந்த மூன்றையும் செய்கிறாள்.

இன்னொன்று. கதையில் வரும் மாயோ பழங்குடி மக்களை மாயா நாகரிகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாயாக்கள் தெற்கே, யுகட்டான் பக்கம். மாயோக்கள் வடமேற்கில் யாக்கி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் அண்டை வீட்டார், பேச்சிலும் உறவினர். எங்கள் குழுவில் நான்கு பேர் முதல் நூறு பக்கங்களைப் பிரமிடுகளை நினைத்துக்கொண்டே படித்திருந்தார்கள்.

படி 3: இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள்

ஏறக்குறைய 500 பக்கம். ஒரே மாதத்தில் முடிக்கச் சொன்னால் பாதிப் பேர் பாதியில் நிற்பார்கள். அவள் நினைவிழந்து விழும் கட்டத்துக்கு முன்புவரை முதல் கூட்டம், மிச்சம் இரண்டாவது.

அந்தக் கட்டத்துக்கு முன்னால் அவள் மீது நடக்கும் பாலியல் தாக்குதல் ஒன்றை நாவல் சொல்கிறது. இதை முதல் கூட்டம் முடியும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக விரும்புகிறவர்கள் தாண்டலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

படி 4: வைத்தியத்தை ஒரு தொழிலாகப் பாருங்கள்

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. ‘அற்புதம் உண்மையா?’ என்பதை ஒதுக்கிவிட்டு, ‘வீலா அந்தப் பெண்ணுக்கு என்னென்ன கற்றுத் தருகிறாள்?’ என்று கேளுங்கள். எந்தச் செடியை எப்போது பறிப்பது, பறிக்கும்முன் என்ன சொல்வது, பிரசவ அறையில் எங்கே நிற்பது, பயந்துபோனவளிடம் எப்படிப் பேசுவது என்று ஆளுக்கு ஒன்று குறித்துவரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புகள் சேர்ந்தால் ஒரு பயிற்சியின் முழு உருவம் மேசை மேல் வந்துவிடும்.

எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் இருக்கிறார். சொனோராவில் பிறந்தவர், அவருடைய பாட்டி குரந்தேரா. ‘லிம்பியா’ என்றால் என்ன என்று நான் கேட்டதும், “இங்கே வா, மீஹா” என்றார். மீஹா என்றால் ‘என் மகளே’. லிம்பியா என்பது ஒருவரைத் தூய்மையாக்கும் சடங்கு. கைப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். என் உச்சந்தலையில் தொடங்கி நெற்றி, கழுத்து, தோள், கை என்று பாதம்வரை முட்டையால் மெல்லத் தொட்டுக்கொண்டே இறக்கினார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் உடைத்து ஊற்றினார். மஞ்சள் கரு அடியில் உட்கார்ந்தது. வெள்ளை நூல் நூலாக மேலே எழும்பியது. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தூக்கம் போதவில்லை உனக்கு” என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. கண்ணேறு கழிக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த மௌனம் பழக்கமானது. கண்ணேறை அவர்கள் ‘மால் தே ஓஹோ’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் ‘கெட்ட கண்’.

அவர் கொண்டுவந்த இன்னொரு பொருள் ஒரு தொட்டியில் ரூதா செடி. நம் ஊரில் சதாப்பிலை என்று சொல்கிறோமே, அந்த இனம்தான். இதைக் காட்டி ஒரு நல்ல பேச்சைத் தொடங்கலாம். ரூதா மெக்சிகோவின் மண்ணில் பிறந்ததல்ல, ஸ்பானியர்களோடு கடல் கடந்து வந்தது. எஸ்தாஃபியாத்தே என்கிற கசப்பு மூலிகையோ அந்த மண்ணுக்கே உரியது. ஒரு குரந்தேராவின் பையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், கத்தோலிக்க ஜெபமும் பழங்குடிக் கனவும் அவள் வாயில் சேர்ந்து வருவதைப் போல.

செடியை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள். ரூதாவைக் கர்ப்பிணிகள் உட்கொண்டால் கரு கலையக்கூடும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டாலே கொப்புளம் போடும். கூட்டத்தில் கஷாயம் காய்ச்சுவதெல்லாம் கூடாது.

படி 5: வரலாறு எது, புனைவு எது?

ஆசிரியருக்குத் தெரேசா உறவுமுறை. சுமார் 20 வருடம் தேடித் திரட்டி எழுதிய கதை இது. அதனால் வரும் சிக்கல் என்னவென்றால், வாசகர் எல்லாவற்றையும் ஆவணமாக எடுத்துக்கொள்வார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் பதிவில் உள்ளவை: பிறப்பு, கபோரா, 1889, கிளர்ச்சிகள், நாடுகடத்தல். மறுபக்கம் நாவலாசிரியர் மட்டுமே சொல்லக்கூடியவை: சமையலறைப் பேச்சு, கனவு, அப்பாவும் மகளும் முதல்முறை எதிரெதிரே உட்காரும் நேரம். இரண்டாம் பக்கம்தான் நீளமாக இருக்கும். அங்கிருந்து ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அது இல்லாவிட்டால் நாம் அவளைப் பற்றி எதை அறிந்திருக்கமாட்டோம் என்று பேசுங்கள்.

படி 6: உண்மையான கேள்வி

இரண்டாம் கூட்டத்தை இப்படித் தொடங்குங்கள்: பத்தொன்பது வயதுகூட நிறையாத ஒரு பெண்ணைப் பார்த்து ஓர் அரசாங்கம் ஏன் பயந்தது?

1892 மே மாதம் மாயோக்கள் நவொஹோவா ஊரைத் தாக்கியபோது “கபோராவின் புனிதை வாழ்க!” என்று முழங்கினார்கள். மலைமேல் தொமோச்சிக் என்ற கிராமம் அரசையும் திருச்சபையையும் எதிர்த்து நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் தியாஸின் படை அதை அழித்தது. தெரேசா துப்பாக்கி எடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த மக்களை உயர்சாதிக்காரருக்குச் சமமாக ஒரே முற்றத்தில் உட்காரவைத்து, காசு வாங்காமல் கைவைத்துப் பார்த்தாள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இந்த இடத்தில் பேச ஆரம்பித்தார். ஒருவர் தன் உடம்பைத் தொட அனுமதிக்கும்போது எவ்வளவு நம்பிக்கையை ஒப்படைக்கிறார் என்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். குறுக்கே புகாதீர்கள். அந்த மாதிரி பேச்சுக்காகத்தான் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

படி 7: ரயிலுக்குப் பிறகு

அரசு தெரேசாவையும் அவள் அப்பாவையும் நாடுகடத்தும் ரயிலோடு நாவல் முடிகிறது. படித்தவர்கள் ‘அப்புறம்?’ என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது மிச்சத்தைச் சொல்லுங்கள். தந்தையும் மகளும் அரிசோனாப் பக்கத்து நொகாலெஸில் இறங்கினார்கள். 1896 ஆகஸ்டில் அவள் பெயரைச் சொல்லி ஒரு கூட்டம் மெக்சிகோப் பக்கத்துச் சுங்கச்சாவடியைத் தாக்கியது. தனக்கு அதில் பங்கில்லை என்றாள். பிறகு அரிசோனாவின் சுரங்க ஊரான கிளிஃப்டன். 1900-இல் கல்யாணம், சில நாட்களிலேயே கணவன் அவளைச் சுட முயன்றான். சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று வைத்தியம் பார்த்துக்கொண்டே சுற்றினாள். 1906 ஜனவரியில் காசநோயால் கிளிஃப்டனில் இறந்தபோது வயது 32.

நான் இதைப் படித்து முடித்ததும் அந்த அம்மாள், “அவளுக்கு யார் லிம்பியா செய்தார்கள்?” என்று கேட்டார். அடுத்த மாதத்துக்கு அதே ஆசிரியர் 2011-இல் எழுதிய தொடர்ச்சியை எடுக்கலாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.