பிக்கப் கேபினுக்குள் கூலன்ட் வாடையா? டேஷ்போர்டில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை

லோடு பிக்கப் ஓட்டுபவர்களுக்கு டீசல் வாடையும் கிளட்ச் கருகும் வாடையும் பழக்கம்தான். இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் திரவமான கூலன்ட்டின் வாடை வேறு மாதிரி இருக்கும். இருமல் சிரப் மூடியைத் திறந்தது போல லேசான இனிப்பு. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால்தான் காரணம். என் வண்டியில் இது கிளம்பியபோது ஒர்க்‌ஷாப்பில் எடுத்த எடுப்பிலேயே "டேஷ்போர்டை இறக்கணும்" என்றார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு ஹோஸ் கிளிப். டேஷ்போர்டை இறக்கினால் ஒரு நாள் வாடகை போச்சு, அதற்கு மேல் லேபர். அதனால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. அளவைக் குறியுங்கள்

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. சில நாள் ஓட்டிவிட்டு, அதே மாதிரி ஆறிய நிலையில் மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. குறைந்திருந்தால் கம்பெனி சொல்லும் கூலன்ட்டை ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டரை அடைக்கும். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று வேறு வகையைக் கலப்பதும் வேண்டாம்.

2. குமிழைச் சிவப்புக்குத் திருப்புங்கள்

நம் ஊரில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். இங்கே ஹீட்டரை யார் போடுகிறார்கள்? அதனால் அதில் ஒழுகும் என்ற நினைப்பே வராது. ஆனால் பல வண்டிகளில் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் கூலன்ட் ஹீட்டர் காயிலுக்குள் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஓடிக்கொண்டேதான் இருக்கும். டேஷ்போர்டில் நீலம்-சிவப்பு போட்டிருக்கும் குமிழ் திருப்புவது காற்றின் பாதையை மட்டும்தான். நீலத்தில் இருக்கும்வரை காயில் மேல் காற்று படாது, வாடையும் சரியாக வெளியே வராது. வேறு சில வண்டிகளில் வால்வு இருக்கும். அவற்றில் சிவப்புக்குத் திருப்பினால்தான் கூலன்ட்டே காயிலுக்குள் போகும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, பானெட்டை மூடியே வைத்து இப்படிச் செய்யுங்கள்:

முதலில் குமிழ் நீலத்தில், வெளிக்காற்று வரும்படி லீவர், புளோயர் நடுவேகம். வாடை வருகிறதா? இப்போது லீவரை உள்காற்றுக்கு மாற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வாடை குறைந்தால் கசிவு இன்ஜின் பக்கம். வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலி வழியாக ஆவி உள்ளே இழுக்கப்படுகிறது. என் வண்டி இந்த ரகம்.

அப்புறம் உள்காற்றிலேயே வைத்து, குமிழை முழுக்கச் சிவப்புக்குத் திருப்பி, புளோயரை முழு வேகத்தில் பத்து நிமிடம் விடுங்கள். வியர்க்கும், பரவாயில்லை. கால் பக்கக் காற்றில் வாடை ஏறினால் ஹீட்டர் காயில் மேல் சந்தேகப்படலாம். காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும்போது புகை மாதிரிப் படிந்து, துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்காக இழுபட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உங்கள் மாடலில் ஹீட்டரே இல்லையா? அப்படியானால் கசிவு வெளியேதான். ஒயர், பெடல், கியர் லீவர் உள்ளே நுழையும் இடங்களில் ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

3. கால் மேட்டைத் தூக்குங்கள்

கிளீனர் பக்கம், நடுப்பக்கம் இரண்டிலும் மேட்டுக்கு அடியில் வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். நிறமில்லாமல், பிசுக்கில்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர், டிரெயின் குழாய் அடைத்திருக்கும். பச்சை, சிவப்பு என்று சாயமும் வழவழப்பும் இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம்.

4. ஹீட்டர் ஹோஸ்கள்

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுக்குள் இரண்டு ஹோஸ் நுழையும். கிளிப் ஓரத்தில் காய்ந்த வெள்ளை அல்லது நிறப் பொருக்கு இருந்தால் அதுதான் இடம். சூட்டில் ஆவியாகிவிடுவதால் சொட்டாகத் தெரியாது, ஆறிய இன்ஜினில் டார்ச் அடித்துப் பாருங்கள். என் ஓட்டு ஸ்பிரிங் கிளிப்புக்கு. ஹோஸ் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே இறுக்கும். ஸ்க்ரூ கிளிப்பை மறுபடி மறுபடி முறுக்க வேண்டியிருக்கிறது.

5. பிரஷர் டெஸ்டர்

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால் மட்டும். வாங்க வேண்டாம், ரேடியேட்டர் கடையில் வைத்திருப்பார்கள். ஆறிய இன்ஜினில், மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் (0.9, 1.1 பார் என்று இருக்கும்) காற்றடித்து அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் "ஓகே" என்றால் நம்பாதீர்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் ஹீட்டர் காயிலாக இருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டாகவும் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) இருக்கலாம். சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயிலில் பால் நிறம் இருந்தால் இரண்டாவது.

காயில் போயிருந்தால் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்து பைபாஸ் செய்து ஓட்டலாம். வெறுமனே அடைக்காதீர்கள், சில இன்ஜின்களில் அந்த ஓட்டம் தேவை. ஊட்டி, கொடைக்கானல் லோடு அடிப்பவர்களுக்கு பைபாஸ் சரிவராது, கண்ணாடிப் பனியை விரட்டச் சூடான காற்று வேண்டும். கசிவடைக்கும் பொடியை நான் தொடவே மாட்டேன். ஓட்டையோடு சேர்த்து காயிலின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

பிற்சேர்க்கை: "கிளிப் மாற்றியும் வாடை போகவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் வண்டியில் மேட்டுக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்ச் ஊறிப்போயிருந்தது. தண்ணீரில் அலசி வெயிலில் காய வைத்ததும் சரியானது. இன்னொருவருக்கு டேஷ்போர்டுக்குள் சலசலவென்று சத்தம். அது உள்ளே சிக்கிய காற்று. ஆறிய இன்ஜினில் கூலன்ட்டை நிரப்பி, குமிழைச் சிவப்பில் வைத்து, மேனுவலில் உள்ளபடி காற்றை வெளியேற்றுங்கள். வடித்த கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.