கடற்காற்றில் கிடந்த பொப் இசைத்தட்டை மீட்டெடுக்கும் முறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் 1970களின் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சினிமாப் பாட்டுக்கு அடுத்தபடியாக இலங்கையிலிருந்து வந்த பொப் பாடல்களைத்தான் சொல்வார்கள். ‘பாப்’ இசையை, இலங்கையார் எழுதிய வழக்கப்படி நானும் ‘பொப்’ என்றே எழுதுகிறேன். கிட்டாரும் போங்கோ என்ற சிறு இரட்டை முரசும், பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளமுமாக ஒலித்த அந்தத் துள்ளிசைப் பாடல்களில் சில பின்னாளில் கேசட்டிலும் குறுந்தகட்டிலும் மறுபடி வந்தன. மற்றவை 7 அங்குல, நிமிடத்துக்கு 45 சுழற்சி இசைத்தட்டோடு நின்றுவிட்டன. புதுச்சேரியில் இன்னொரு வகையும் கண்ணில் படும். சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள், பிரான்சிலிருந்து கொண்டுவந்த, ஒரு தட்டுக்கு நான்கு பாடல்கள் கொண்ட 1960களின் பிரெஞ்சு பொப் தட்டுகள் அவை. பழைய சாமான்களுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்படி ஒன்று கிடைத்தாலும், வீட்டுப் பரணிலிருந்து இலங்கைத் தட்டு ஒன்று இறங்கினாலும், அதைக் கேட்கும்படி ஆக்குவதற்கான வழி ஒன்றுதான். என் தாய்மாமா வீட்டில், கடலூர் முதுநகரில், உறையோடு ஒட்டிப்போயிருந்த ஒரு தட்டில் நான் கற்றதை அடிப்படையாக வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தட்டின் ஒலியைக் கணினியில் பதிந்து சுத்தப்படுத்தும் இந்த வேலையில் முக்கால் பங்கு கணினியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே, தட்டு கையில் கிடைத்த மகிழ்ச்சியில் அதை உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. வரிப்பள்ளத்தில் படிந்திருக்கும் மணலும் உப்புத் துகளும், ஊசி அழுத்தும்போது உப்புத்தாள்போல் பள்ளத்தின் சுவரைத் தேய்க்கும்; அந்த ஒரே ஓட்டத்தில் இழந்ததை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

எங்கள் கடற்கரையில் தட்டுகளுக்கு வந்த கேடு பெரும்பாலும் தண்ணீரால் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் ஆகிய ஒவ்வொன்றிலும் எத்தனையோ வீடுகளில் அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்தது. நனைந்த காகித உறை காயும்போது தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பூஞ்சை படரும். ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டவே கூடாது. வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நனைத்த மெல்லிய பருத்தித் துணியைக் காகிதத்தின்மேல் போட்டு, அது தானாக இளகும்வரை பொறுமையாக ஈரப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் மாமா வீட்டுத் தட்டுக்கு இதற்கே ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பூஞ்சையை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்துவிட்டுப் பிறகு கழுவுவது நல்லது.

கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் உதவாது. கடலோர நிலத்தடி நீரில் உள்ள உப்பு, காய்ந்ததும் பள்ளத்துக்குள் வெள்ளையாகப் படிந்து புதிதாக ஒரு சரசரப்பை உண்டாக்கும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கிற வாலை வடிநீர் ஒரு லிட்டரில், வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும். நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு, பள்ளம் போகும் திசையிலேயே மென்மையான தூரிகையை வட்டமாக ஓட்ட வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் இருமுறை அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி ஓர் இரவு உலர விட வேண்டும். வெயிலில் வைத்தால், வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தட்டு வளைந்துவிடும்.

கையில் இருப்பது 78 சுழற்சித் தட்டு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அது வினைலால் ஆனதன்று. அரக்கோடு கல்தூளைக் கலந்து செய்தது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தத் தட்டில் ஸ்பிரிட்டையோ சாராயம் கலந்த எந்தத் திரவத்தையோ ஏன் தொடவிடக் கூடாது என்பது விளங்கும். அதைத் தண்ணீரிலும் ஊறப்போடாமல் விரைவாகக் கழுவி எடுக்க வேண்டும்.

அடுத்தது ஊசி. வீட்டில் இருக்கும் பழைய ரேடியோகிராமில் (வானொலியும் தட்டு ஓட்டியும் சேர்ந்த பெட்டி) போட்டுப் பதிவு செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதன் கனமான கையும் தேய்ந்த முள்ளும்தான் பல தட்டுகளைக் கெடுத்தவை. நல்ல நிலையிலுள்ள ஒரு ரெக்கார்டு பிளேயரை இரவல் வாங்கியாவது பயன்படுத்துவது மேல். 45 சுழற்சித் தட்டுக்கு ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரானிலிருந்து 25 மைக்ரான் வரை இருக்கலாம். 78 சுழற்சித் தட்டின் பள்ளம் அகலமானது என்பதால் அதற்கு 70 மைக்ரானுக்கு மேல் வேண்டும். பழைய ஊசி பள்ளச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். ஆகவே 18 மைக்ரான் ஊசியில் கரகரக்கும் பாட்டு, 25 மைக்ரான் ஊசியில் சற்று மேலே, தேயாத இடத்தைத் தொட்டுத் தெளிவாகப் பாடிவிடக்கூடும். எனக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் இந்த ஊசி மாற்றத்தில்தான் வந்தது.

வேகத்தைச் சரிபார்க்க, கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோபோஸ்கோப் அட்டை உதவும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். அந்த ஒளியில், பிளேயரில் சுழலும் அட்டையிலுள்ள 45 சுழற்சிக்கான 133 கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. இன்றைய எல்ஈடி விளக்குகள் பல அப்படி மினுக்குவதில்லை என்பதால், நியான் இண்டிகேட்டர் விளக்கையோ பழைய குண்டு பல்பையோ தேடிப்பிடிக்க வேண்டும். பாட்டின் சுருதியை ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டு வேகத்தை மாற்றுவதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள இடைவெளி ஏறத்தாழ 6 விழுக்காடு. அந்தக் குழுவே கிட்டாரைச் சற்றுத் தாழ்த்திச் சுருதி கூட்டியிருந்தால், நாம் திருத்துவதாக நினைத்துப் பாடகரின் குரலை மாற்றிவிடுவோம்.

நீண்ட ஸ்வரங்கள் ஒழுங்காக ஏறி இறங்கி ஊஞ்சலாடினால், தட்டின் துளை மையத்தில் இல்லை என்று பொருள். 45 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 1.33 நொடி ஆகிறது. ஆட்டமும் அதே இடைவெளியில் வந்தால் ஐயமில்லை. நடுவே பெரிய துளையுள்ள தட்டுகளில் இதைத் திருத்துவது எளிது. துளையில் பொருத்தும் வளையத்தைச் சற்றுத் தளர்வானதாக வைத்துக்கொண்டு, தட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஊசிக்கை இடவலமாக ஆடாமல் சீராக உள்நோக்கிச் செல்லும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தலாம். பின்னால் மென்பொருளில் பல மணி நேரம் போராடுவதைவிட இந்தப் பத்து நிமிடம் மேலானது.

பதிவு செய்யும்போது அறையின் மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று ஊசிக்கையை அசைப்பதோடு, விசிறி ரெகுலேட்டரின் இரைச்சல் கம்பி வழியாக ஒலியிலும் கலக்கும். இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதிவு செய்ய வேண்டாம். பிளேயரின் எர்த் கம்பியை, ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் முன்பெருக்கியோடு இணைக்க மறந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் பாட்டு முழுவதும் கூடவே வரும். முன்பெருக்கியில் ஆர்ஐஏஏ சமன்செய்தல் (தட்டில் குறைத்துப் பதித்த தாழ் ஒலியையும் கூட்டிப் பதித்த உயர் ஒலியையும் பழையபடி ஆக்கும் அமைப்பு) இருக்க வேண்டும்; 1950களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த 45 சுழற்சித் தட்டுகளுக்கு அதுவே பொருந்தும். அதற்கு முந்தைய 78 தட்டுகளுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், வேவ் கோப்பாக, உச்ச ஒலி −6 டெசிபலைத் தாண்டாதபடி பதிவு செய்யுங்கள். இரு தடங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மெகாபைட் இடம் பிடிக்கும். ஊசி தட்டைத் தொடும் கணத்திலிருந்து, பாட்டு முடிந்து உட்புற வெற்றுவரி சுழல்வது வரை முழுமையாக எடுக்க வேண்டும். அந்தக் கோப்பின் பெயரிலேயே ‘மூலம்’ என்று எழுதி, ஒரு பிரதியைத் தனி வன்வட்டில் வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். இன்று நாம் சரி என்று நினைத்துச் செய்யும் திருத்தம் பத்து ஆண்டு கழித்துத் தவறாகத் தோன்றலாம். அப்போது திரும்பிப்போக மூலம் இருக்க வேண்டும்.

தட்டு மோனோவாக இருந்தாலும் ஸ்டீரியோ ஊசியால் எடுப்பதே நல்லது. பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே பாட்டைத்தான் சுமக்கின்றன. அவற்றின் அழுக்கும் தேய்மானமும் வேறு வேறு. இரண்டையும் கூட்டி ஒன்றாக்கினால் பாட்டு 6 டெசிபல் உயரும், தாறுமாறான இரைச்சல் 3 டெசிபல்தான் உயரும். ஆனால் ஒரு சுவர் மோசமாகத் தேய்ந்திருந்தால் கூட்டாமல், நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்வது சரியான முடிவு.

இனிக் கணினி வேலை. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளே போதுமானது. வரிசை முக்கியம்: முதலில் ‘டப் டப்’ என்ற வெட்டொலிகள், பிறகு பொரிவதுபோன்ற சரசரப்பு, அதன்பின் முனகல், கடைசியாகத்தான் ‘ஸ்ஸ்’ என்ற பின்னணி இரைச்சல். இரைச்சலை முதலில் குறைத்தால் வெட்டொலிகள் மழுங்கிப் பாட்டோடு கரைந்துபோகும். பிறகு அவற்றைப் பிரிக்க முடியாது. வெட்டொலிகளை நீக்க ஒரே அடியாகத் தானியங்கிக் கருவியைப் பாட்டு முழுவதற்கும் ஏவுவது இந்த வகைப் பாடல்களில் குறிப்பாகத் தவறு. போங்கோவின் அடி, மராக்கஸ் என்ற கிலுகிலுப்பையின் குலுக்கல், பாடகரின் ‘ச’கர உச்சரிப்பு ஆகியவை கருவியின் கண்ணுக்குக் கீறலாகவே தெரியும். நான் மிக இலேசான அளவில் ஒருமுறை ஓட்டிவிட்டு, எஞ்சிய பெரிய கீறல்களை அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக ‘ரிப்பேர்’ கருவியால் சரிசெய்கிறேன். அது ஒரு நேரத்தில் 128 மாதிரிப் புள்ளிகள் வரைதான் ஏற்கும். 96 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூட. மூன்று நிமிடப் பாட்டுக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும். அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டே தொடங்குங்கள்.

பின்னணி இரைச்சலைக் குறைக்க, பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்றுவரியின் ஒலியை மாதிரியாக எடுத்துக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவியில் நீக்கப்படும் ஒலியை மட்டும் தனியே கேட்க ‘ரெசிட்யூ’ என்ற தெரிவு உண்டு. அதைக் கட்டாயம் கேளுங்கள். வெறும் காற்றொலி கேட்டால் சரி. அதற்குள் பாடகரின் குரலோ கிட்டாரின் ரீங்காரமோ நிழலாடினால், பாட்டையே உரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். உடனே அளவைக் குறைக்க வேண்டும். 6 முதல் 8 டெசிபலுக்கு மேல் நான் போவதில்லை. பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு வாங்கும் ஒலி மறைந்துவிட்ட சுத்தத்தைவிட, மூச்சோடு கொஞ்சம் இரைச்சலும் இருப்பது எவ்வளவோ மேல்.

ஓரிடத்தில் கீறல் ஆழமாகி ஊசி தாவினால், அதே தட்டின் இன்னொரு பிரதியைத் தேடுவதே நேர்மையான வழி. பல்லவியின் வேறொரு சுற்றிலிருந்து வெட்டி ஒட்டலாம்தான். ஆனால் பாடகர் இரண்டாம் முறை பாடும்போது செய்த சிறு மாற்றம் அதில் தொலைந்துபோகும். வேறு வழியின்றி ஒட்டினால், எந்த நொடியில் ஒட்டினோம் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். அதே குறிப்பில் தட்டு எண், உட்புற வெற்றுவரியில் பொறித்துள்ள எண், ஊசியின் அளவு, செய்த திருத்தங்கள் ஆகியவையும் இடம்பெறட்டும். லேபிளையும் உறையையும் ஸ்கேன் செய்து உடன் வையுங்கள்.

முடித்த பாட்டை, அந்தக் காலத்தில் கேட்டவர் ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். “இது அந்தப் பாட்டு மாதிரியே இல்லையேப்பா” என்று அவர் சொன்னால் மனம் தளர வேண்டாம். என் மாமாவும் முதலில் அப்படித்தான் சொன்னார். அவர் அதைக் கேட்டது மத்திய அலை வானொலியில். தட்டில் உள்ள உயர் ஒலிகளில் பெரும்பகுதி அதன்வழி வீட்டுக்கு வந்து சேரவேயில்லை. அவர் நினைவுக்கு ஏற்ப மீட்டெடுத்த பாட்டின் மேற்பகுதியை வெட்டக் கூடாது. தட்டில் இருப்பதுதான் பாடியவர்கள் கொடுத்தது. வேண்டுமென்றால் வானொலியின் சாயலில் தனியாக ஒரு பிரதி செய்து கொடுக்கலாம். நான் மாமாவுக்குச் செய்து கொடுத்தேன். இரண்டையும் அவர் மாற்றி மாற்றிக் கேட்கிறார்.

பகிர்வதற்கு முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். 1974இல் இந்தியாவில் வெளியான தட்டு என்றால் 2034 முடியும்வரை உரிமை உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். ஆகவே உரிமையாளரின் அனுமதி பெற்ற பிறகே பொதுவில் ஏற்றுங்கள். அனுமதி கிடைத்துக் கோப்பை அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும்.

வேலை முடிந்த தட்டைப் பழைய, பூஞ்சை பிடித்த உறைக்குள் திரும்பப் போட வேண்டாம். புதிய உறையில் இட்டு, பழைய உறையைத் தனியே பத்திரப்படுத்தி, கடலைப் பார்த்த சுவரிலிருந்து தள்ளிய அலமாரியில், வெள்ளம் எட்டாத மேல்தட்டில், சாய்க்காமல் நேராக நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, ஐப்பசி மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் அதை மாற்றுங்கள்.