தலையில் ஊசி போட்டும் நிற்காத முடி உதிர்வு, கடைசியில் எப்படி நின்றது

டெங்கு வந்து எழுந்த மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. வகிடு அகலமாகி, பின்னல் எலிவால் மாதிரி ஆகிவிட்டது. பயத்தில் ஒரு கிளினிக்கில் மீசோதெரபிக்குப் பணம் கட்டினேன். 1952இல் பிரான்ஸில் மிஷேல் பிஸ்தோர் என்ற டாக்டர் தொடங்கிய முறை இது, மெல்லிய ஊசியால் வைட்டமின் மாதிரி மருந்துகளைத் தோலுக்குள் துளித்துளியாக ஏற்றுவார்கள். மரத்துப்போகக் களிம்பு தடவியும் நெற்றியோரம் குத்தியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அன்று இரவு தலையணையில் தலை வைக்க முடியவில்லை. நான்கு முறை போட்டேன். கொட்டுவது குறையவே இல்லை.

அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டின் 9தான், அதாவது உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பே காலி. கடும் காய்ச்சலில் நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும், வேர் சாகவில்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. நீங்களும் ஊசிக்குப் போகும் முன் ஃபெரிட்டின், தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அவர் எழுதித்தந்த இரும்பு மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போட்டேன், காபியை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன் (சத்து உடம்பில் சேரவிடாமல் காபி தடுக்கும், இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்). தினமும் முட்டை, சுண்டல். ஐந்தாவது மாதம் எண்ணெய் தேய்க்கும்போது வகிட்டோரம் விரல்கணு நீளத்துக்குப் புது முடி குத்திட்டு நின்றது.